இரண்டு முனையுள்ள ஊசி

மார்ச் 22, வெள்ளி

காலை ஏழரைக்கே வெயில் சுள்ளென்று. நெமிலிச்சேரியில் வண்டி பத்து நிமிடம் லேட். ஆவடியில் ஏறின கூட்டம் அம்பத்தூர் வரை என் காலை மிதித்துக்கொண்டே வந்தது.

வாங்க வேண்டியது: வெள்ளைத் துண்டு 12, பேசின் 2 (பெரிய வியாழன் கால் கழுவும் ஆராதனைக்கு. பழைய பேசின் ஓட்டை). இட்லி அரிசி. இவருக்கு சுகர் மாத்திரை.

இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன். நாளைக்கு நானே எனக்குச் சாதகமாக மாற்றிச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

மதியம் 3.10. பதினாலாம் நம்பர் மெஷினில் நூர்ஜஹான் கையைத் தூக்கினாள். ஊசி உடைந்துவிட்டது. எங்கள் கம்பெனியில் ஊசி உடைந்தால் மெஷினை நிறுத்தி, கையைத் தூக்கி, சூப்பர்வைசர், அதாவது நான், வரும்வரை அசையாமல் உட்கார வேண்டும். உடைந்த துண்டுகளை எல்லாம் பொறுக்கி ரெஜிஸ்டரில் செலோ டேப்பால் ஒட்டி, முழு ஊசி கணக்குக்கு வந்தால்தான் புது ஊசி. தைப்பது கைக்குழந்தை கவுன், வெளிநாட்டுக்குப் போகிறது. ஒரு துண்டு குறைந்தாலும் அந்தத் துணி வெளியே போகக் கூடாது.

இரண்டு துண்டு கிடைத்தது. முனை கிடைக்கவில்லை. நொய்யரிசி அளவுதான் இருக்கும்.

காந்தம் வைத்து நாற்பது நிமிடம் தேடினோம். மெஷின் அடி, தரை, அவள் துப்பட்டா, என் செருப்பு. கழுத்து லேபிளில் சைஸ் தப்பாக அச்சாகி வந்ததால் 412 கவுனுக்கு அவள் லேபிள் மாற்றித் தைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் ஒரே குவியல். உலோக டிச் பட்டன் ஏற்கெனவே அடித்தாயிற்று, அதனால் மெட்டல் டிடெக்டரில் விட்டால் ஒவ்வொரு கவுனும் கத்தும். கையால்தான் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்க வேண்டும்.

பி.எம். சார் (புரொடக்‌ஷன் மேனேஜர்) இரண்டு தடவை வந்து நின்றார். லைன் ஏன் நிற்கிறது என்று கேட்டார். மூன்றாவது தடவை கேட்கவில்லை, வாட்சைப் பார்த்தார்.

நூர்ஜஹானுக்கு ஏற்கெனவே ஒரு மெமோ இருக்கிறது, பூந்தமல்லி பஸ் லேட்டானதால். முனை கிடைக்காமல் இன்னொன்று வந்தால் வெளியே.

என் டிராயரில், ரெஜிஸ்டர் முறை வருவதற்கு முன்னால் சேர்ந்த உடைந்த ஊசி டப்பா. அதிலிருந்து அதே நம்பர் ஊசியின் முனை ஒன்றை எடுத்தேன். இரண்டு துண்டோடு சேர்த்து வைத்தேன். சரியாகப் பொருந்தியது. டேப் போட்டேன். கையெழுத்துப் போட்டேன். "கெடச்சிடுச்சு, என் டேபிள் கீழ இருந்தது" என்று லைன் முழுக்கக் கேட்கச் சொன்னேன். நூர்ஜஹான் இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டாள். லைன் ஓடியது.

அவளைக் காப்பாற்றத்தான் செய்தேன். கையெழுத்துப் போடும்போது அப்படித்தான் நினைத்தேன். இப்போது எழுதிப் பார்த்தால் அது பாதிதான் உண்மை. லைன் நின்றால் கெடுவது என் பெயரும்தானே.

துண்டு வாங்க மறந்துவிட்டேன்.


மார்ச் 23, சனி

தூக்கம் சரியில்லை. இவர் கேட்டார், சூடு என்றேன்.

காலையில் நூ. என் மேஜைக்கு வந்து ஒரு பொட்டலம் வைத்தாள். பேரீச்சம்பழம். நோன்பு மாசம், அவள் பகலில் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை, எனக்கு மட்டும் பழம்.

"நேத்து நோன்பு தெறக்கசொல்லோ ஒனக்காகவும் துவா கேட்டேன்க்கா. மொன கெட்சிச்சே, அதுக்கு அல்லாவுக்கு நன்றி சொன்னேன். இல்லாங்காட்டி என் வேல போயிருக்கும்."

சாப்பிடு சாப்பிடு என்றாள். எனக்கும் லெந்து, ஈஸ்டர் வரை விரதம் என்றேன். அதுவும் பொய். வெள்ளிக்கிழமை மட்டும்தான் இருக்கிறேன், அதுவும் மதியம் ஒரு மணிவரை. பொட்டலம் கைப்பையில்.

412 கவுனும் ஒன்பது அட்டைப் பெட்டியில் ஏறிவிட்டது. லாரி வியாழன் சாயங்காலம்.

அம்பத்தூர் மார்க்கெட்டில் துண்டு பன்னிரண்டும் வாங்கிவிட்டேன். பேசின் பச்சை கலரில்தான் கிடைத்தது. சர்ச் ஆயருக்குப் பிடிக்காது. போகட்டும்.


மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

ஊர்வலம் ஏழு மணிக்கு. பிளாட்டுக்காரர்கள் பால்கனியிலிருந்து வீடியோ எடுத்தார்கள். குருத்தோலை என் புடவையில் குத்திக்கொண்டே வந்தது.

ஆராதனை முடிந்து பெண்கள் ஐக்கியத்தில் நான் பேச வேண்டும். போன மாதமே ஒத்துக்கொண்டது. தலைப்பு: பணிவிடை செய்கிறவரே தலைவர். சாக்குச் சொல்லித் தப்பிக்கலாமா என்று காலையில் பல் தேய்க்கும்போதுகூட யோசித்தேன்.

பேசினேன். நன்றாகவே வந்தது. அதுதான் எரிச்சல். ஆண்டவர் துண்டைக் கட்டிக்கொண்டு குனிந்ததைச் சொன்னேன். கம்பெனியில் நான் மெஷின் துடைப்பதை, லைன் பிள்ளைகள் சாப்பிடும்வரை நான் சாப்பிடாததைச் சொன்னேன். "தலைவி என்றால் தன் கீழே இருப்பவர்களின் பாரத்தைச் சுமப்பவள்" என்று சொல்லும்போது என் குரல் உடைந்தது. அது வேறு காரணத்துக்கு உடைந்தது. முன் வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பொருளாளர் அக்கா வந்து, ரூபி, நீ பேசினது அப்படியே உள்ளே போயிடுச்சு என்றார்கள்.

வியாழக்கிழமை கால் கழுவுகிறவர்கள் பட்டியலில் என் பெயர்தான் முதல். ஒவ்வொரு வருஷமும் இதே கூத்து. கால் நீட்டுகிறவர்கள் வீட்டிலேயே பிரஷ் போட்டுத் தேய்த்து, பவுடர் அடித்து வருவார்கள். போன வருஷம் ஒருவர் நகப்பூச்சோடு. கழுவின காலை நாங்கள் இன்னொரு தரம் கழுவுவோம், தண்ணீர் ஊற்றினபடியே தெளிவாக இருக்கும். எல்லோருக்கும் அழுகை வரும். எனக்கும் வரும்.

சாயங்காலம் இவரிடம் சொல்லிவிட்டேன். ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே கேட்டார். முனை எங்கேயாவது குப்பையில் போயிருக்கும் என்றார். போகாமல் இருந்தால் என்றேன். எந்த நாட்டுக் குழந்தையோ, அதற்காக நீ ஏன் சாகிறாய் என்றார். கெட்ட மனுஷன் இல்லை. நான் தூங்க வேண்டும் என்றுதான் சொல்கிறார்.


மார்ச் 25, திங்கள்

பேக்கிங் ஹாலுக்கு மூன்று தடவை போனேன். ஒரு தடவை நூல் கேட்க, ஒரு தடவை ஸ்டிக்கர் கேட்க. மூன்றாவது தடவை காரணம் கிடைக்கவில்லை, சும்மா நின்றேன். ஒன்பது பெட்டியும் சுவரோரம். ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தால் என்ன என்று டேப்பில் நகம் வைத்தேன். செக்யூரிட்டி எட்டிப் பார்த்தார். டேப்பைத் தடவிவிட்டு வந்துவிட்டேன்.

கவுனில் சின்னச் சின்ன வாத்து அச்சு. லேபிள் கழுத்துக்குப் பின்னால். குழந்தைக்கு அந்த இடம் எப்போதும் வியர்க்கும்.

மேல் வீட்டு நிஷாவின் பாப்பாவுக்கு நான்கு மாதம். சாயங்காலம் கையில் கொடுத்தாள். வாங்கினேன். பின்கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தேன், அவ்வளவு மெத்தென்று இருந்தது. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

பொய் எண்ணிக்கை: லைனில் 1, நூ.விடம் 1, நிஷாவிடம் 1. செக்யூரிட்டி கணக்கில் வராது, அவரிடம் பேசவில்லை.


மார்ச் 26, செவ்வாய்

பயங்கர வெக்கை. ஃபேன் இரண்டு ஓடவில்லை.

கவுன் வாங்குகிற கம்பெனியிலிருந்து ஒரு அம்மா ஆடிட்டுக்கு வந்தார்கள். பருத்திப் புடவை, மென்மையான பேச்சு. ஊசி ரெஜிஸ்டரைக் கேட்டார்கள். வெள்ளிக்கிழமை பக்கத்தைத் திறந்தார்கள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்கள்.  கண்டுபிடித்துவிடட்டும் என்றுகூட ஒரு விநாடி இருந்தது.

மூன்று துண்டும் இவ்வளவு சுத்தமாக ஒட்டி, நேரம், மெஷின் நம்பர் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், மற்ற யூனிட்டுக்குக் காட்டுகிறேன் என்று போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். பி.எம். சாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவர்கள் போனதும் என்னைக் கூப்பிட்டு, ஏப்ரலிலிருந்து நீதான் ஃப்ளோர் இன்சார்ஜ் ரூபி, நான்கு லைனும் உன் கையில் என்றார். பதினொரு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை.

தேங்க்ஸ் சார் என்றேன். பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

ஜெபம் வரவில்லை. முழங்கால் போட்டால் கண்ணுக்குள் செலோ டேப்தான் தெரிகிறது.


மார்ச் 27, புதன்

காலை ஆறு மணிக்கு ஆயருக்கு போன். எல்லாம் சொன்னேன். ஜெபித்துக்கொள்ளுங்கள், ஆண்டவர் மன்னிப்பார் என்று சொல்வார், சமாதானமாக வேலைக்குப் போகலாம் என்றுதான் போன் போட்டேன். அது எனக்கே தெரியும்.  அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"லாரி எப்பம்மா வருது?"

நாளைக்கு ஏழு மணிக்கு ஐயா என்றேன். சரிம்மா என்றார். அவ்வளவுதான். வைத்த பிறகு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அண்ணனூர் தாண்டும்வரை கோபம் போகவில்லை.

9.20. பி.எம். ரூமில் நின்றுகொண்டே சொன்னேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை, உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று பயம். முனை கிடைக்கவில்லை, ஒட்டினது வேறு முனை, கையெழுத்து என்னுடையது. சார் முதலில் சிரித்தார், விளையாட்டு என்று நினைத்து. பிறகு எழுந்து கதவைச் சாத்தினார்.

ஆர்டரே போய்விடும் என்றார். ஆடிட் அம்மா படம் எடுத்துப் போயிருக்கிறார்கள் என்று தலையில் கை வைத்தார். அவர் பயமும் நியாயம்தான், இருநூறு பேர் வேலை அது. கொஞ்சம் கழித்துக் குரலைத் தணித்துக்கொண்டு, நீ எனக்கு வேணும் ரூபி, இதை வேற மாதிரி எழுதிக்கலாம் என்றார். முனையை ஒட்டினது நூர்ஜஹான், நீ நம்பிக் கையெழுத்துப் போட்டாய். அவளுக்கு எப்படியும் இரண்டாவது மெமோதான் என்றார்.

 

"சார், அவ உடைஞ்சதும் கையத் தூக்கினா. இந்த விஷயத்துல கையத் தூக்குனது அவ ஒருத்திதான்."

சார் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: நாளை ஷிஃப்ட் முடிந்ததும் ஒன்பது பெட்டியும் பிரிக்கணும். லாரியை எட்டு வரை நிறுத்துவார். யார் தானாக உட்காருகிறார்களோ அவர்களை வைத்துக்கொள், யாரையும் கட்டாயப்படுத்தாதே. கிடைத்தால் கவுன் போகும், கிடைக்காவிட்டால் ஒன்பது பெட்டியும் நிற்கும். இரண்டில் எது ஆனாலும் ஆடிட் அம்மாவுக்கு அவர் உண்மையை எழுதுவார், ஃப்ளோர் இன்சார்ஜ் கிடையாது, சூப்பர்வைசர் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும்.

சரி சார்.

அடுத்தது அதைவிடக் கஷ்டம். டீ பெல்லில் லைனைக் கூப்பிட்டுச் சொன்னேன். இருபத்தாறு பேரும் தரையைப் பார்த்தார்கள். நூ. மட்டும் என்னைப் பார்த்தாள்.

"நான் அல்லாவுக்கு நன்றி சொன்னேனேக்கா. உன் பொய்க்கா சொன்னேன்?"

 மன்னிச்சிரு என்றேன். மெஷினுக்குப் போய்விட்டாள். நாள் முழுக்க இந்தப் பக்கம் திரும்பவில்லை.


மார்ச் 28, பெரிய வியாழன்

துண்டு, பேசின் எல்லாம் காலையிலேயே இவரிடம் கொடுத்து சர்ச்சில் சேர்க்கச் சொன்னேன். ஆயருக்கு மெசேஜ்: இன்று வர முடியவில்லை, வேறு யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள். பதில்: சரிம்மா.

5.30க்கு ஷிஃப்ட் முடிந்தது. நான் ஒருத்தியாக உட்கார்ந்து தேடுவதாகத்தான் நினைத்தேன். பேக்கிங் ஹாலில் பாய் விரித்து முதல் பெட்டியைப் பிரித்தேன். பதினோரு பேர் வந்து உட்கார்ந்தார்கள்.  மற்றவர்களுக்குப் பஸ், பிள்ளைகள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கடைசியாக நூ. வந்தாள். என் பக்கத்தில் உட்காரவில்லை, எதிர்ப் பக்கம்.

வேலை: கவுனைத் திருப்பு, கழுத்தில் காந்தம், லேபிளை விரலால் நசுக்கிப் பார், ஓரம், கை, மடிப்பு. காந்தம் டிச் பட்டனில் ஒட்டிக்கொண்டே இருந்தது, கடைசியில் விரலையே நம்பினோம். இரண்டு மூன்று பேருக்கு நூல் முடிச்சு குத்தி நெஞ்சு நின்றுபோனது. 6.10க்கு நான்கு பெட்டி முடிந்தது. ஒன்றுமில்லை. என் பின்னால் பி.எம். சார் நடந்துகொண்டே இருந்தார்.

6.20க்கு நூ. போனில் நோன்பு திறக்கும் பாங்கு அடித்தது. அவள் பையில் தண்ணீர் பாட்டில் மட்டும்தான், வீட்டில் போய்த் திறக்கலாம் என்று இருந்திருப்பாள். என் கைப்பையில் அந்தப் பொட்டலம் சனிக்கிழமையிலிருந்து அப்படியே இருந்தது. எழுந்துபோய் அவள் முன்னால் வைத்தேன். அவள் கொடுத்ததையே அவளுக்கு. பார்த்தாள். பிரித்து ஒரு பழம் எடுத்தாள். பிறகு பொட்டலத்தைப் பாயின் நடுவில் தள்ளினாள், எல்லோரும் எடுத்தோம். நானும் ஒன்று சாப்பிட்டேன். கொட்டையை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

இந்நேரம் சர்ச்சில் பச்சை பேசினில் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள் என்று நினைத்தேன். அடுத்த பெட்டியைப் பிரித்தேன்.

7.05. ஏழாவது பெட்டி.

"அக்கா. இங்க வா."

நூ. கவுனைத் தரையில் விரித்துவிட்டு இரண்டு கையையும் எடுத்துக்கொண்டாள். கழுத்து லேபிள் மடிப்புக்குள், தையலுக்கு அடியில். வெளியே தெரியவே தெரியாது. லேபிளைப் பிடித்து அழுத்தினேன். என் கட்டை விரலில் குத்தியது. சின்னப் பொட்டு ரத்தம். வாத்து அச்சில் படாமல் கையை இழுத்துக்கொண்டேன்.

இருந்திருக்கிறது. ஆறு நாளாக நான் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது, அங்கேயே இருந்திருக்கிறது.

யாரும் சந்தோஷப்படவில்லை. ஒருத்தி மட்டும் வாய்விட்டு அழுதாள், அவளுக்குக் கைக்குழந்தை. மீதி இரண்டு பெட்டியையும் விடாமல் பார்த்தோம். தையலைப் பிரித்து முனையை எடுத்ததும் அந்த ஒரு கவுனை சார் தனியாக எடுத்துக்கொண்டார். 411 கவுன் 7.50க்கு லாரியில் ஏறியது.

ரெஜிஸ்டரைக் கொண்டுவந்தேன். பொய் முனையைப் பிய்த்துப் போடப் போனேன். நூ. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்த எடுக்காத. அதுவும் இர்க்கட்டும். பக்கத்துல இத்த ஒட்டு."

ஒட்டினேன். இப்போது அந்தப் பக்கத்தில் ஒரு ஊசிக்கு இரண்டு முனை. இரண்டுக்கும் கீழே என் கையெழுத்து. சார் பார்த்தார், கீழே அவரும் போட்டார்.

கோட்டைக் கழற்றி மடித்து அவர் மேஜையில் வைத்தேன். உள்ளே போட்டிருந்த ரவிக்கை முழுக்க வியர்வை.

கேட்டில் இவர் ஆட்டோவோடு நின்றார், கூப்பிடாமலே வந்திருக்கிறார். நூ.வை பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்றார். ஏறினாள்.  இறங்கும்போது, வரேன்க்கா என்றாள். அவ்வளவுதான். மன்னித்தாளா என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.


மார்ச் 29, பெரிய வெள்ளி

லீவு. பன்னிரண்டு முதல் மூன்று வரை மும்மணி ஆராதனை. ஃபேன் கிடைக்காத இடம், தூணோரம். பொருளாளர் அக்கா, நேற்று ஏன் வரவில்லை, நீ இல்லாமல் நன்றாகவே இல்லை என்றார்கள். கம்பெனியில் வேலை அக்கா என்றேன். அது மட்டும் பொய் இல்லை.

ஆயர் கை கொடுத்தார். கட்டை விரல் பிளாஸ்திரியைப் பார்த்தார். 

ஐக்கியத்துக்கு அந்தப் பேச்சைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். ஈஸ்டர் கழித்து. பயமாக இருக்கிறது.


மார்ச் 30, சனி

மேகம். மழை வராது, புழுக்கம்தான்.

பதினைந்தாம் நம்பர் மெஷின். நூ. பக்கத்தில். என் இடத்தில் இரண்டாவது லைன் கீதா, பாவம், என்னைப் பார்த்து என்ன சொல்வது என்று தெரியாமல் முழிக்கிறாள். பதினொரு வருஷம் கழித்துப் பெடல். கணுக்கால் வலி. முதல் மணி நேரத்தில் டார்கெட்டில் பாதிகூட வரவில்லை. நூ. பேசாமல் என் நூல் டென்ஷனைத் திருகிச் சரி செய்துவிட்டு அவள் வேலையைப் பார்த்தாள்.

பி.எம். சார் ஒரு தரம் இந்தப் பக்கம் வந்தார். நிற்கவில்லை.

10.40. டக் என்று சத்தம். என் ஊசி. இரண்டு துண்டு கண்ணில் பட்டது. முனையைக் காணோம்.

மெஷினை நிறுத்தினேன். கையைத் தூக்கினேன்.